பாடற்காணொளியும் அவையோரும்

தமிழிலே ஒரு நூல் எழுதி முடிக்கப்பட்டவுடன் நூலாகிவிடுவதில்லை. அஃது அவையேறல் வேண்டும். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது எனப் பனம்பாரனாரின் பாயிரம் கூறுகின்றது. காஞ்சிக் குமரகோட்டத்திலே கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றப் புகுந்தபோது, முதற்செய்யுளின் முதற்சொற் புணர்ச்சிக்கு விதி யாதென அவையோருள் ஒருவர் தடை நிகழ்த்தினார் என்பதும், வீரசோழியத்தைக் காட்டி அத்தடை நீக்கப்பட்டது என்பதும் புராணபடனம் கேட்டு வளர்ந்த ஈழத்தவர் நன்கறிந்த மரபுச் செய்திகளாம். அவையடக்கம் பாடியதும் வெறும் பணிவுரைக்காக அன்று. குறை காணும் உரிமை கேட்போர்க்கு உண்டு என்பதை ஆசிரியன் முன்னரே ஒப்புக்கொள்ளும் முறைமை அது.

இக்காலத்து மாணவர்க்கு ஏடும் எழுத்தாணியும் போலக் கைத்தொலைபேசி வாய்த்திருக்கின்றது. தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் க.பொ.த. உயர்தர வகுப்பிலே ஒரு பாடமாகியுள்ளது. பாடலொன்றை ஒலிப்பதிவு செய்து, அதற்கியையக் காட்சிகளைப் படம்பிடித்துத் தொகுத்துப் பாடற்காணொளியாக்குவது மாணவரிடையே பெருவழக்காயிற்று. ஆயின் அரங்கேற்றம் மட்டும் வழக்கொழிந்தது. வகுப்பிலே ஒருமுறை திரையிட்டுக் கைதட்டுப் பெற்றவுடன் பணி முற்றிற்றெனக் கொள்ளப்படுகின்றது. இங்கிலாந்தின் ஓ.சி.ஆர். தேர்வு நிறுவனம் 2008ஆம் ஆண்டு தொடங்கிய உயர்தர ஊடகப் பாடத்திட்டத்தில், பாடற்காணொளியை ஆக்கிய மாணவர் தாம் பார்வையாளரிடமிருந்து யாது கற்றனர் என்பதற்கும், ஊடகக் கருவிகளை எங்ஙனம் பயன்படுத்தினர் என்பதற்கும் விடையிறுக்க வேண்டுமென விதித்திருந்தது. இவ்விரு வினாக்களும் இணைத்தே கேட்கப்பட்டமை கருதத்தக்கது. கருவி குறையைத் திருத்த உதவும். எதைத் திருத்துவது என்பதைப் பார்வையாளரே காட்டுவர்.

மாத்தளை மாவட்டத்தின் லக்கலப் பகுதியை எடுத்துக்கொள்வோம். மாத்தளை நகரிலிருந்து இரத்தோட்டை வழியாக றிவர்ஸ்டன் மேட்டைக் கடந்து, பிட்டவல பத்தனையின் புல்வெளியைத் தாண்டி இறங்கும் வீதி இப்பகுதிக்குச் செல்கின்றது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் நிழலில் அமைந்த இவ்வூர்களிற் சிங்கள உழவர் வழிவழியாக நெற்செய்கை செய்து வந்தனர். நாற்று நடுகையிலும் களையெடுக்கையிலும் பெண்கள் பாடும் நெலும் கவி, அரிவி வெட்டிற் பாடும் கொயம் கவி, இரவிலே காவற்குடிலிலிருந்து விலங்குகளை விரட்டுவோர் உறங்காமைப் பொருட்டுப் பாடும் பெல் கவி என்பன சிங்கள நாட்டாரின் வயற்பாடல்கள். தமிழர் தம் நாற்றுநடவுப் பாட்டையும் பரண்காவலையும் இவற்றோடு ஒப்புநோக்கின் உறவுமுறை எளிதிற் புலனாகும். 2010களின் இறுதியில் மொரகஹகந்த - களு கங்கைத் திட்டத்தினாற் பழைய லக்கல பல்லேகம நகரமும் அதனைச் சூழ்ந்த வயல்களும் களு கங்கை நீர்த்தேக்கத்துள் அமிழ்ந்தன. மக்கள் புதிய நகரிலும் புதிய குடியிருப்புகளிலும் குடியமர்ந்தனர். வயல் நீருள் மறைந்தபின் அவ்வயலின் பாட்டு எங்கே நிற்கும்? அதனைப் பாடியோர் உள்ளவரை அவர்தம் நாவில் நிற்கும். அதன்பின் எவரேனும் பதிந்து வைத்த கருவியில் நிற்கும்.

மாத்தளை நகரத்துத் தமிழ் மாணவர் சிலர் அப்பாடலொன்றைப் பாடற்காணொளியாக்க முற்படுகின்றனர் என வைத்துக்கொள்வோம். அவர்க்கு அவையோர் மூவகையினர். பாடிய மூதாட்டியரும் அவரது ஊராரும் ஒரு வகையினர். சிங்களம் அறியாது எழுத்துவரியைப் படித்தே பொருள்கொள்ளும் தமிழ்ப் பார்வையாளர் மற்றொரு வகையினர். தம் வகுப்புத் தோழர் மூன்றாமவர். மாணவர் நாடுவது பெரும்பாலும் மூன்றாம் வகையினரையே. அவர் கருத்தே மிகக் குறைந்த பயனுடையது. நண்பனின் படத்தை நண்பன் பழித்தல் அரிது. பழிப்பினும் அது பகிடியாகவே முடியும்.

முதல் வகையினரை அவையாக்கிய முயற்சி இந்நாட்டிலேயே நிகழ்ந்துள்ளது. 1981இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமும் மகாவலி அதிகாரசபையும் யுனெஸ்கோவின் துணையுடனும் டென்மார்க்கின் டனிடா உதவியுடனும் மகாவலிச் சமுதாய வானொலியைத் தொடங்கின. தயாரிப்பாளர் கொழும்புக் கலையகத்திலிருந்து உழவர்க்கு உபதேசஞ் செய்யவில்லை. குடியேற்றக் கிராமங்களுக்குச் சென்று சில நாள் தங்கி, ஒலிநாடாக் கருவியிலே மக்களின் பேச்சையும் பாட்டையும் பதிந்தனர். ஊரார் கூடும் மாலையிலே அப்பதிவை அவர்க்கே ஒலிக்கச் செய்தனர். தன் குரலைத் தானே முதன்முறை கேட்கும் ஒருவன் நகைப்பான். பின்னர், “அப்படியன்று, இப்படி” என்பான். அந்த இரண்டாம் சொல்லே தயாரிப்பாளன் தேடிய பொருள். இம்முயற்சியின் தொடர்ச்சியாகவே 1989இல் கொத்மலையிற் சமுதாய வானொலி நிலையம் தோன்றியது.

கனடாவிலே நியூபவுண்லாந்தின் போகோ தீவில், 1967இல் கனடியத் தேசியத் திரைப்படச் சபையின் கொலின் லோ என்பார் மீனவர் வாழ்வைச் சிறு படங்களாக எடுத்தார். அங்கும் படத்திலே தோன்றியோர்க்கே அவை முதலிற் காட்டப்பட்டன. அவர் விரும்பாத பகுதி நீக்கப்படும் என்பதே ஏற்பாடு. கடல்கடந்த இரு நாட்டார் ஒருவரையொருவர் பாராமலே ஒரே முறைக்கு வந்துள்ளனர் போலும்.

இனி, பார்வையாளரை வினவும் முறை. “எப்படி இருக்கிறது?” என்று கேட்பதே பெரும்பிழை. அதற்கு எந்நாட்டிலும் விடை ஒன்றே: “நன்றாயிருக்கிறது.” கிராமத்துப் பெரியோர் பாடசாலைப் பிள்ளைகளின் உழைப்பை நேர்முகமாகக் குறைகூறார், விருந்தினர்க்குத் தேநீர் கொடுத்து வாழ்த்தி அனுப்புவர். அப்பண்பினாற் படம் திருந்தாது.

இலங்கை வானொலியிலிருந்து 1952 முதல் ஒலித்துப் பாரதமெங்கும் புகழ்பெற்ற பினாக்கா கீத்மாலா நிகழ்ச்சியில், அமீன் சயானி இந்தித் திரைப்பாடல்களை வரிசைப்படுத்தியபோது இசைத்தட்டு விற்பனையோடு கேட்போர் மன்றங்களின் கருத்தும் கணக்கிலே கொள்ளப்பட்டது. எப்பாடலை விரும்புகின்றனர் என்பதை அம்முறை காட்டும். ஒரு பாடலின் எந்த வரியிற் கேட்போன் மனம் விலகியது என்பதைக் காட்டாது. அதனைக் கண்டறிய விழைந்த பிராங்க் ஸ்ரன்ரன், போல் லசார்ஸ்பெல்ட் என்னும் இருவரும் 1930களின் பிற்பகுதியில் அமெரிக்காவிலே ஒரு கருவி அமைத்தனர். வானொலி நிகழ்ச்சியைக் கேட்போர் கையிலே இரு பொத்தான்கள் இருக்கும். விரும்பின் ஒன்றையும் வெறுப்பின் மற்றொன்றையும் அழுத்துவர். கருவி அதனை நேரத்தோடு பொருத்திக் கோடாகத் தீட்டும்.

பிள்ளைகளிடம் பொத்தானும் உதவாது. செசமி ஸ்ட்ரீட் என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சி 1969 நவம்பர் 10ஆந் திகதி தொடங்குமுன், எட்வேர்ட் பாமர் என்னும் ஆய்வாளர் ஓர் எளிய உபாயத்தைக் கையாண்டார். தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே வேறொரு திரையில் ஏழரை விநாடிக்கொருமுறை வண்ணப் படங்கள் மாறிக்கொண்டிருக்கும். பிள்ளையின் கண் எங்கே நிற்கின்றது என ஒருவர் குறித்துக்கொண்டிருப்பார். பொம்மைகளையும் மனிதரையும் ஒரே காட்சியிற் கலத்தல் ஆகாது, பிள்ளைகள் மயங்குவர் என உளவியலறிஞர் கூறியிருந்தமையால், தெருக்காட்சிகளில் மனிதர் மட்டுமே தோன்றினர். 1969 ஜூலையிற் பரீட்சார்த்த நிகழ்ச்சிகளைக் காட்டியபோது, அத்தெருக்காட்சி வந்தவுடன் பிள்ளைகளின் கண் திரையை விட்டு அகன்றது. ஜிம் ஹென்சன் பெரும்பறவையையும் ஒஸ்காரையும் படைத்துத் தெருவிலே மனிதரோடு உலவவிட்டார். அறிஞர் குழுவின் விதியைப் பிள்ளைகளின் பார்வை மாற்றிவிட்டது. ஒரு மாணவக் குழுவுக்கு இதைவிடச் சிறந்த பாடம் கிடைப்பதரிது.

லக்கலவிற் படம்பிடித்த மாணவர்க்கு இரண்டாம் திரையும் வேண்டுவதில்லை. திரையருகே பார்வையாளரை நோக்கி ஒருவர் அமர்ந்து, கையிற் கடிகாரத்தோடு, எந்த விநாடியில் எத்தனை பேர் தலைதிருப்பினர் எனக் குறித்தாற் போதும். படம் முடிந்ததும் கருத்தைக் கேளாது கதையைக் கேட்டல் வேண்டும்: “இதில் என்ன நடந்தது?” பாடியவள் துயரத்தாற் பாடினாள் என ஒருவரும், வேலையின் களைப்பு நீங்கப் பாடினாள் என மற்றொருவரும் கூறுவாராயின் இடையில் ஏதோ ஒரு காட்சி மயக்கந் தருகின்றது. காட்டும்போது ஆக்கியோர் வாய்திறத்தல் கூடாது. அவர் விளக்கம் படத்தோடு ஊர்தோறும் செல்லப் போவதில்லை.

பார்வையாளர் குறையின் இடத்தைச் செம்மையாகக் காட்டுவர். காரணத்தைச் சொல்லும்போது பெரும்பாலும் தவறுவர். “அந்த அம்மா பாடுவதுபோல் இல்லையே” என ஒருவர் கூறின், பாடியவளை மீண்டும் பாடச் சொல்லுவது பேதைமை. ஒலி படத்தை முந்தியிருக்கலாம். தொலைக்காட்சியில் ஒலி படத்தை ஏறத்தாழ 45 மில்லிசெக்கன் முந்தினாலே மனிதர் உணர்வர் என்றும், பிந்தினால் ஏறத்தாழ 125 மில்லிசெக்கன் வரை உணரார் என்றும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை கூறுகின்றது. விநாடிக்கு 25 சட்டகம் ஓடும் படத்தில் ஒரு சட்டகம் 40 மில்லிசெக்கன். ஆகவே ஒலி ஒரு சட்டகத்துக்குச் சற்றே மேலாக முந்தினும் குற்றம் தோன்றும். மூன்று சட்டகம் பிந்தினும் பெரிதும் தோன்றாது. இவ்வேற்றுமை இயற்கையோடியைந்தது. மின்னலைக் கண்ட பின்னரே இடியைக் கேட்கின்றோம். தூரத்து வண்ணான் கல்லில் அடித்தபின்னரே ஓசை வருகின்றது. பிந்தி வரும் ஒலிக்கு மனிதச் செவி பழகியது. முந்தி வரும் ஒலியை அஃது உலகிற் கண்டதில்லை. கைத்தொலைபேசிகள் பல சட்டக வேகத்தை இடையிடையே மாற்றிப் பதிவதனால், பாடலின் தொடக்கத்திற் பொருந்திய உதடு இறுதியிற் பொருந்தாது போதலுமுண்டு. தொகுக்குமுன் படத்தை மாறா வேகத்துக்கு மாற்றிக்கொள்ளலும், பதிவின் தொடக்கத்திலும் இறுதியிலும் கமராவின் முன் ஒருமுறை கைதட்டி அடையாளமிடலும் இதற்கு மருந்து.

மற்றொன்று காற்று. றிவர்ஸ்டன் மேட்டிலே நின்று பதிந்த ஒலியிற் பாட்டைவிடக் காற்றே உரத்து நிற்கும். ஒலிவாங்கிக்குக் கம்பளி உறையிட்டாலன்றிப் பயனில்லை. பாட்டை முற்றத்திலே அமைதியாகப் பதிந்து, காட்சியை மேட்டிலே எடுத்தல் நன்று. இன்னும், கணினியறையின் பெரிய ஒலிபெருக்கியில் இனிது முழங்கும் மத்தளத்தின் இடந்தலை கைத்தொலைபேசியிற் கேளாது. பார்வையாளர் மிகப் பலர் கைத்தொலைபேசியிலேயே காண்பராதலின், அவரைக் கணினியறைக்கு அழைத்துச் சோதித்தல் வேறோர் உலகத்தைச் சோதித்தலாகும்.

வேகத்தைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். தாளத்தின் ஒவ்வோரடிக்கும் காட்சியை மாற்றும் வழக்கத்தைத் திரைப்பாடல்களிலிருந்து மாணவர் கற்றுள்ளனர். நெலும் கவியின் நடையோ நாற்று நடும் கையின் நடை. ஒருத்தி எடுத்துக்கொடுக்க ஏனையோர் ஏற்றுப்பாடுவர். நடுகையிலே வரிசை அடியடியாகப் பின்வாங்கும். அவ்வடியைக் காட்டாது அரை விநாடிக்கொரு முகத்தைக் காட்டின், வயலில் வேலைசெய்தோர் கண் திரையை விட்டகலும். இரண்டு வடிவம் தொகுத்து, ஒன்றை ஒரு குழுவுக்கும் மற்றதை வேறொரு குழுவுக்கும் காட்டிப் பார்க்கலாம். வேறுபாடு காட்சிநீளம் ஒன்றிலேயே இருத்தல் வேண்டும். எழுத்துவரியையும் உடன் மாற்றினால் எதனால் விளைந்த பயன் என அறிய இயலாது.

யூரியூப்பில் ஏற்றியபின் அத்தளமே பார்வையாளர் எந்நொடியில் விலகினர் என்பதைக் கோடாகத் தீட்டித் தருகின்றது. ஸ்ரன்ரன், லசார்ஸ்பெல்ட் இருவரது கருவியின் வழித்தோன்றல் அஃதெனலாம். ஆயின் பார்த்தோர் தொகை சிறிதாயின் அக்கோடு கிடைப்பதில்லை. கிடைப்பினும் விலகியவர் மூதாட்டியா, நகரத்து இளைஞனா, பேருந்து வந்தமையால் விலகினாரா என்பது தெரியாது. பள்ளிக்கூடத்து மண்டபத்திலே பத்துப் பேர் முகத்தைப் பார்த்தல் இன்னும் பழைமைப்படவில்லை.

பார்வையாளர் சொல்லும் யாவையும் ஏற்கவேண்டுமோ எனின், வேண்டா. மெல்லிசையும் நடனமும் சேர்க்கச் சொல்வாருமுளர். அவர் வேறொரு படத்தைக் கேட்கின்றார். பாடியவர் கூற்றோ வேறு. ஒரு மூதாட்டி, “இவ்வடி வயலிற் பெண்கள் தனித்திருக்கையிற் பாடுவது, ஊரார் முன் வேண்டா” என்பாராயின், படத்தில் அவ்வடியே மிகச் சிறந்ததாயினும் அதனை நீக்கல் வேண்டும். பாட்டு அவருடையது. நீக்கிய பகுதியோடு கூடிய முழுப்பதிவையும், பாடியவர் பெயர், ஊர், நாள் என்பனவற்றைக் குறித்து, அவர் வீட்டாரிடம் ஒரு பிரதியாகக் கையளித்தல் வேண்டும். மூன்று நிமிடப் படத்துக்காக எடுத்த மூன்று மணிநேரப் பதிவு பாடசாலைக் கணினியில் அடுத்த ஆண்டு மாணவரின் வேலைக்கு இடமின்றி அழிக்கப்படுவதே வழக்கம்.