காய்ச்சலும் மிகைவெப்பமும்: மருத்துவச் சொல்லாக்கத்தில் ஒரு பொருள் வேறுபாடு

முன்னுரை

உடல் வெப்பம் உயர்தலைக் குறிக்கத் தமிழில் காய்ச்சல், சுரம், வெப்பு முதலிய சொற்கள் வழங்குகின்றன. இவை ஒருபொருட் பன்மொழிகளாகவே கொள்ளப்படுகின்றன. எனினும், தற்கால மருத்துவம் உடல் வெப்ப உயர்வை இரு வேறு நிகழ்வுகளாகப் பகுக்கிறது. அப்பகுப்பிற்குத் தமிழ்ச் சொற்கள் இடந்தரும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

சொற்களின் அடிப்படை

'காய்' என்னும் வினையடி சூடேறுதல், உலர்தல் ஆகிய இருபொருளும் தரும். ஆதலின் 'காய்ச்சல்' நோயையும் உலர்ந்த நிலையையும் குறிக்கும். நெல் வேளாண்மையில் வழங்கும் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்னும் தொடரில் உள்ளது பின்னைய பொருளே. நோயைக் குறிக்கும் 'சுரம்' வடமொழி 'ஜ்வர' என்பதன் தமிழ் வடிவம். பாலை நிலத்து அருவழியைக் குறிக்கும் 'சுரம்' வேறு சொல். பாண்டியனின் வெப்பு நோயைத் திருஞானசம்பந்தர் தீர்த்தமையைப் பெரியபுராணம் கூறுகிறது. மூன்று சொற்களும் வெப்பத்தை உணர்த்துகின்றனவேயன்றி, அதன் காரணத்தை உணர்த்தவில்லை.

இரு நிகழ்வுகள்

நோய்த்தொற்றின்போது மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் உடல் வெப்பத்தின் இலக்களவை உயர்த்துகிறது. உடல் அவ்வளவை எட்டும்வரை நோயாளி குளிரால் நடுங்குகிறார். இதுவே காய்ச்சல். கடும் வெயிலில் உழைப்பவர்க்கு நேர்வது இதனின் வேறானது. இலக்களவு மாறாதிருக்க, உடல் வெளியேற்றும் வெப்பத்தினும் அதில் சேரும் வெப்பம் மிகுகிறது. வெப்பநிலை 40 டிகிரி செல்சியசைக் கடந்து அறிவும் தடுமாறுமாயின் உயிருக்கு இடர் நேரும். உயர்ந்த இலக்களவைத் தாழ்த்தும் பாராசிட்டமால் இங்குப் பயன்தராது. உடலை விரைந்து குளிர்விப்பதே முதன்மை மருத்துவம்.

சொல்லாட்சிச் சிக்கல்

இந்நிலையைக் 'கடுங்காய்ச்சல்' எனக் குறித்தால், படிப்பவர் மாத்திரையை நாடிக் காலத்தை இழக்கக்கூடும். 'வெப்பப் பக்கவாதம்' என்னும் சொல்லுக்குச் சொல்லான மொழிபெயர்ப்போ கை, கால் செயலிழக்கும் நோயை நினைவூட்டுகிறது. இரண்டும் செய்யவேண்டிய முதலுதவியை மறைக்கின்றன.

மாறாக, மக்கள் வழக்கிலுள்ள 'குளிர்காய்ச்சல்' என்னும் தொகை, நடுக்கத்தையும் வெப்பத்தையும் ஒருங்கே சுட்டுகிறது. வெப்பம் ஏறும்போதே குளிர் தோன்றுதல் இலக்களவு உயர்ந்ததன் அடையாளமாகும். மருத்துவ நூல் வகுக்கும் வேறுபாட்டின் ஒரு கூற்றை இச்சொல் முன்னரே தாங்கி நிற்கிறது.

முடிவுரை

காய்ச்சல், சுரம் ஆகியவற்றை இலக்களவு உயர்வுக்கே உரியனவாக வரையறுத்தலும், ஏனையதை 'மிகைவெப்பம்' என வழங்குதலும் பொருந்தும். பாடநூல்களும் கோடைகால அறிவிப்புகளும் இவ்வரையறையைப் பின்பற்றுதல் வேண்டும். மருத்துவக் கலைச்சொல்லில் பொருள் தெளிவு நடையழகிற்காக மட்டும் வேண்டப்படுவதன்று. உயிர்காப்பும் அதனைச் சார்ந்துள்ளது.