மஞ்சள் பையின் மறுபிறவி

செங்கற்பட்டுக் கடைவீதியில் ஒரு வேடிக்கையைத் தினந்தோறும் காணலாம். போகும்போது வெறுங்கை; திரும்பும்போது விரலுக்கு ஒன்றாகப் பிளாஸ்டிக் பை!

சட்டம் இல்லாமலில்லை. ஒரு முறை உபயோகித்து எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் சாமான்களைத் தமிழ்நாடு ஸர்க்கார் 2019 ஜனவரி 1-ந் தேதி முதல் தடை செய்தது. மெல்லிய பை, தடித்த பை, துணிபோல் வேஷம் போடும் 'நெய்யாத' பை எதற்கும் விலக்கில்லை. பால், தயிர், எண்ணெய், மருந்து உறைகளை மட்டும் விட்டு வைத்தார்கள். வழக்கும் நடந்தது, தடை செல்லுமென்று சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாண்டே தீர்ப்பளித்தது.

வியாபாரிகளின் குறையில் நியாயமில்லாமல் போகவில்லை. "பை இல்லை என்றால் வாடிக்கைக்காரர் அடுத்த கடைக்குப் போகிறார். எங்களுக்கு அபராதம்; பெரிய கம்பெனி மிட்டாய் உறைக்கு மரியாதையா?" என்கிறார்கள். மீன் விற்கும் பெண்களோ, "ஈர மீனைத் துணிப்பையில் போட முடியுமா?" என்று கேட்கிறார்கள். முடியாதுதான். ஆனால் தூக்குப் பாத்திரம் எங்கே போயிற்று?

கட்சி இரண்டையும் கேட்டுவிட்டு மாமல்லபுரக் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். தை மாதம் தொடங்கிப் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் கரை அது. தண்ணீரில் மிதக்கும் பையைச் சொறிமீன் என்று எண்ணி விழுங்கும் ஆமைக்குச் சட்டம் தெரியாது. குடல் அடைத்துச் சாகத்தான் தெரியும். தடை வந்த அதே ஆண்டு அக்டோபர் 12-ந் தேதி, பிரதம மந்திரி மோடி இக்கரையில் அரை மணி நேரம் பிளாஸ்டிக் குப்பை பொறுக்கினார். சீன அதிபர் பல்லவர் சிற்பங்களைக் காண வந்திருந்த சமயம் அது!

2021 டிஸம்பரில் முதல் மந்திரி ஸ்டாலின் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கினார். பத்து ரூபாய் போட்டால் பை கொடுக்கும் இயந்திரமும் வந்தது. பட்டிக்காட்டான் அடையாளம் என்று நாம் பரிகசித்த பைக்கு இப்படி யோகம் அடித்தது!

ஆனால் விலை கொடுத்து வாங்குவானேன்? கல்யாண வீடுகளில் தேங்காயும் தாம்பூலமும் போட்டுக் கொடுத்த பைகள் நம் அலமாரியில் டஜன் கணக்கில் தூங்குகின்றனவே!

கதர் இயக்க நாட்களில் அன்னியத் துணியைத் துறக்கும்படி எந்தச் சட்டமும் கட்டளையிடவில்லை. வீட்டுப் பெண்மணிகள் தீர்மானித்தார்கள், காரியம் நடந்தது. ஸர்க்கார் அபராதம் போடலாம். பையை ஆணியிலிருந்து எடுத்துக் கையில் கொடுக்க அதனால் ஆகாது. அது வாசற்படியில் நடக்கவேண்டிய காரியம்.