மெருகேற்றும் முன் எழுத்தைப் படியுங்கள்

வட இந்தியத் திருமண ஊர்வலங்களில் மணமகனின் குதிரைக்கு முன்னே முழங்கிச் செல்லும் பித்தளை வாத்தியக் குழுக்கள், ஆங்கிலேயர் காலத்து இராணுவ இசைக்குழுக்களின் வழிவந்தவை. லண்டனிலிருந்து கருவிகள் இறக்குமதியான காலத்திலேயே உள்நாட்டிலும் இத்தொழில் வேரூன்றியது. 1885இல் தொடங்கப்பட்ட நாதிர் அலி நிறுவனத்தால் பெயர்பெற்ற மீரட் நகரின் ஜாலி கோட்டி பகுதி இன்றும் அதன் மையமாக விளங்குகிறது. ஆகவே, பரணிலோ பழம்பொருள் கடையிலோ கறுத்துக் கிடக்கும் ஒரு கார்னெட் லண்டனில் உருவானதாகவும் இருக்கலாம். மீரட்டில் உருவானதாகவும் இருக்கலாம். அதை அறிவதற்கான சான்று கருவியின் மேலேயே உள்ளது. அவசரப்பட்டுத் துலக்குபவர் முதலில் இழப்பது அந்தச் சான்றைத்தான்.

அடையாளம் காணுதல்

கார்னெட்டும் டிரம்பெட்டும் பார்வைக்கு ஒத்தவை. டிரம்பெட்டின் குழாய் பெரும்பாலும் ஒரே அகலத்தில் செல்லும். கார்னெட்டின் குழாய் சிறிது சிறிதாக விரிந்துகொண்டே போகும். வகையை உறுதி செய்தபின், கருவியின் விரிந்த வாய்ப்பகுதியைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். ‘பூசி அண்ட் கோ’ என்று பொறித்திருந்தால், அந்நிறுவனம் 1930இல் ஹாக்ஸ் அண்ட் சன் நிறுவனத்துடன் இணைவதற்கு முந்தைய கருவி எனக் கொள்ளலாம். ‘பூசி அண்ட் ஹாக்ஸ்’ என்றிருந்தால் அது பிந்தையது. வால்வுப் பகுதியில் உள்ள வரிசை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்நிறுவனத்தின் பழைய தயாரிப்புப் பதிவேடுகள் லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. பெயரைப் பொறிப்பது எளிது; எனவே பெயர், எண், வேலைப்பாடு ஆகிய மூன்றும் ஒத்துப்போவது அவசியம்.

வாசித்துப் பார்க்கும்போது சுருதி சற்று உயர்ந்து ஒலித்தால் அதைக் குறையெனக் கருத வேண்டாம். பழைய பிரிட்டிஷ் கருவிகள் பல, நொடிக்கு ஏறத்தாழ 452 அதிர்வுகள் கொண்ட உயர் சுருதிக்குச் செய்யப்பட்டவை. இன்றைய அளவு 440. இந்த வேறுபாடே கருவியின் காலத்தைச் சொல்லும். புதிய சுருதிக்காகக் குழாயை வெட்டி ஒட்டினால் அச்சான்று அழிந்துவிடும்.

சீரமைத்தல்

பூசைப் பாத்திரங்களைப் புளியிட்டுத் துலக்குவது நம் வழக்கம். பழங்கருவிக்கு அது பொருந்தாது. புளியின் அமிலம் மேற்பூச்சையும் முலாமையும் கெடுக்கக்கூடும். மெருகேற்றும் சக்கரமோ உலோகத்தைத் தேய்த்து, பொறிப்பையும் மங்கச் செய்துவிடும். வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பைக் கரைத்துக் கழுவி, பருத்தித் துணியால் ஈரம் ஒற்றி எடுப்பதே போதுமானது. செம்பு நிறப் புள்ளிகள் தென்பட்டால், பித்தளையிலிருந்து துத்தநாகம் வெளியேறியிருக்கலாம். அவ்விடத்தை அழுத்தித் தேய்க்கலாகாது.

இறுகிப்போன இழுகுழாயைக் குறடு கொண்டு இழுத்தால் குழாய் முறுக்கிக்கொள்ளும். ஊடுருவும் எண்ணெய் சில துளிகள் விட்டு, ஓரிரு நாள் பொறுத்திருங்கள். பிஸ்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, அவற்றின் எண்ணுக்குரிய அறையிலேயே மீண்டும் பொருத்துங்கள். ஒடுக்குகளை வெளியிலிருந்து தட்டுவதால் பயனில்லை. தேர்ந்த கைவினைஞர் எஃகுக் குண்டுகளை உள்ளே செலுத்தி, அவற்றை மெல்ல நிமிர்த்துவார்.

ஆவணமும் சட்டமும்

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின்படி, நூறாண்டு கடந்த கலை, கைவினைப் பொருள்கள் தொல்பொருளாகக் கருதப்படலாம். தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதற்குத் தடை உண்டு. எனவே, வெளிநாட்டிலிருந்து யாரேனும் விலை பேசினால், முதலில் இந்தியத் தொல்லியல் துறையின் கருத்தைக் கேட்டறியுங்கள்.

பழுது பார்க்கக் கொடுக்கும் முன், பொறிப்பையும் எண்ணையும் ஒடுக்குகளையும் படமெடுத்து வையுங்கள். இக்கருவியை யார், எந்தக் குழுவில் வாசித்தார் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி, அந்தப் படங்களோடு பாதுகாப்புப் பெட்டகத்தில் வையுங்கள். கருவியின் பொறிப்பில் இல்லாத அந்த விவரம் பெரியவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது.