ஓட்டு வீட்டில் வெக்கை குறைய

அக்னி நட்சத்திர வெயிலில் நம் கோட்டுச்சேரியின் பழைய ஓட்டு வீடுகளில் அதிகம் வாடுவது முதியவர்களும் கைக்குழந்தைகளும்தான். அதற்காகக் கூரைக்கு அடியில் தெர்மோகோல் அடிக்க நினைப்பவர்கள் சற்றுப் பொறுங்கள்.

இடைவெளி இல்லாமல் கைமரத்தோடு ஒட்டி அடித்தால், ஐப்பசி, கார்த்திகை மழையில் கசியும் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். மரம் உளுத்துப்போகும், கரையான் ஏறும். கீழிருந்து பார்த்தால் தெரியாது. தெர்மோகோல் எளிதில் தீப்பிடிப்பதால் அடுப்படியில் அறவே கூடாது.

முதலில் உடைந்த ஓடுகளையும் உளுத்த ரீப்பர்களையும் மாற்றுங்கள். பிறகு இருபுறமும் பளபளக்கும் அலுமினியத் தாளைக் கைமரங்களின் அடிப்பக்கத்தில், ஓட்டைத் தொடாமல் இழுத்து அடிக்கலாம். நடுவில் காற்று இடைவெளி இருந்தால்தான் அது வெப்பத்தைத் தடுக்கும். இறவாரத்திலும் முகட்டிலும் காற்றுக்கு வழி விடுங்கள். எலி வராமல் கம்பிவலை அடியுங்கள். அலுமினியத்தில் மின்சாரம் பாயும். எனவே பழைய வயர்களை எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

அவ்வளவு செலவு செய்ய முடியாதவர்கள் பங்குனியில் ஓட்டின்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கலாம். மழையில் கரைவதால் ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். வெயிலைத் திருப்பிவிடும் கூரைகளுக்கென்றே தெலங்கானா அரசு 2023-இல் தனிக் கொள்கை வகுத்துள்ளது.

தனியாக வசிக்கும் முதியவர்களின் கூரையையும் அக்கம்பக்கத்தார் பார்த்துச் சரிசெய்து கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். இன்ஷா அல்லாஹ், வரும் கோடை அவர்களுக்கும் எளிதாகட்டும்.