பள்ளிச் சுற்றுலாக் கட்டணம் (இங்கிலாந்து)

பள்ளிச் சுற்றுலாக் கட்டணம் என்பது பேருந்து, நுழைவுச் சீட்டு, உணவு, தங்குமிடம் முதலிய சுற்றுலாச் செலவுகளுக்காகப் பெற்றோரிடமிருந்து பள்ளி பெறும் தொகை ஆகும். இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் இதனை 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் நெறிப்படுத்துகின்றது.

பள்ளி நேரத்தில் நிகழும் சுற்றுலாவுக்குக் கட்டணம் வசூலிக்க இயலாது. விருப்ப நன்கொடை மட்டுமே கேட்கலாம். நன்கொடை தராத பெற்றோரின் பிள்ளையை அக்காரணத்தால் விலக்குதல் கூடாது. எனினும் போதிய தொகை சேராவிடின் சுற்றுலாவையே பள்ளி கைவிடலாம். எனவே பெற்றோர் பலர் வசதி குறைந்தோராக உள்ள பள்ளிகளில், எவரும் விலக்கப்படாமலேயே அனைவரும் வாய்ப்பை இழக்க நேரிடும்.

வெளியூரில் தங்கிப் பயிலும் சுற்றுலாக்களில் உணவு, உறைவிடச் செலவை வசூலிக்கலாம். பாடத்திட்டம் சார்ந்த இத்தகைய சுற்றுலாக்களில், குறிப்பிட்ட சில அரசு உதவித்தொகைகளைப் பெறும் குடும்பங்களுக்கு இச்செலவிலிருந்து விலக்கு உண்டு. பாடத்திட்டத்தில் அடங்காத விடுமுறைப் பயணங்களுக்குக் கட்டணம் பெறலாம். அது உண்மைச் செலவை விஞ்சுதல் கூடாது.