திரும்பும் நேரத்தை முதலில் குறியுங்கள்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் நொய்டார்ட் என்றொரு தீபகற்பம் உண்டு. அங்கே எழுந்து நிற்கும் லார்வென் மலையின் உயரம் 1,020 மீட்டர். அந்நாட்டில் 3,000 அடிக்கு மேற்பட்ட, தனி மலைகளாக எண்ணப்படும் சிகரங்களை 'மன்ரோ' என்பார்கள். 1891-இல் அவற்றை முதன்முதலாகப் பட்டியலிட்ட சர் ஹியூ மன்ரோவின் பெயரால் வந்த வழக்கு அது. இன்றைய பட்டியலில் 282 சிகரங்கள் உள்ளன. பிரிட்டனின் பெருநிலத்தில் அவற்றுள் மேற்குக் கோடியில் இருப்பது லார்வென்தான்.

ஆயிரம் மீட்டர்தானே என்று எண்ணிவிட வேண்டாம். இங்கே ஏற்றம் கடல் மட்டத்திலிருந்தே தொடங்குகிறது. அடிவாரத்திலுள்ள இன்வெரி என்னும் சிற்றூருக்கு வெளியிலிருந்து சாலை வசதி கிடையாது. மல்லேக் துறைமுகம் வரை இரயிலில் போய், அங்கிருந்து படகில் செல்ல வேண்டும். இல்லையென்றால் மலைகளுக்கிடையே நெடுந்தூரம் நடந்துதான் போய்ச் சேர வேண்டும்.

ஆளரவமற்ற அந்த நிலம் என்றுமே அப்படி இருந்ததல்ல. கேலிக் மொழி பேசிய கத்தோலிக்கக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தன. 1853-இல் ஆடு வளர்ப்புக்காக நூற்றுக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டுக் கனடாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். போக மறுத்தவர்களின் வீடுகள் இடிக்கப்பட்டன. நடந்து போகிறவர்கள் வழியில் புல் மூடிய கற்சுவர்களைக் கண்டால் சற்று நின்று பார்ப்பது நல்லது. 1999-இல் ஊர் மக்களும் சேர்ந்து அமைத்த ஓர் அறக்கட்டளை அந்நிலத்தின் ஒரு பகுதியை வாங்கியது.

சரி, இந்த மலைக்கு ஒரு நாள் பயணத்தை எப்படித் திட்டமிடுவது? பலரும் காலையில் எத்தனை மணிக்குப் புறப்படுவது என்றுதான் யோசிக்கத் தொடங்குவார்கள். நாம் மாலையிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வருவோம். இருட்டுவதற்கு எவ்வளவு முன்பாக ஊர் திரும்பியாக வேண்டும் என்பதே முதல் கேள்வி.

இன்வெரியிலிருந்து லார்வென் ஏறிச் சுற்றித் திரும்ப ஏறத்தாழ 20 கிலோமீட்டர் ஆகும். மொத்த ஏற்றம் 1,100 மீட்டருக்கு மேல். 1892-இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற மலையேறுநர் தந்த கணக்கு ஒன்று இன்றும் வழக்கில் உள்ளது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அதன்படி ஆறு மணி நேரம் வருகிறது. ஆனால் இந்தக் கணக்கில் ஓய்வு இல்லை, சாப்பாடு இல்லை, முழங்கால் வரை இழுக்கும் சேற்று நிலமும் இல்லை! ஆகவே எட்டு அல்லது ஒன்பது மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதனால்தான் முந்தின நாளே படகேறி, இரவு இன்வெரியில் தங்குவது அவசியமாகிறது. படகு எல்லா நாளும் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. குளிர்காலத்தில் இன்னும் குறைவு.

அக்டோபர் நடுவில் போவதாக வைத்துக்கொள்வோம். சூரியன் மாலை ஆறே காலுக்கு மறையும். இறங்க நான்கு மணி நேரம், எதிர்பாராத தாமதத்துக்கு ஒரு மணி நேரம். அப்படியானால் பகல் ஒரு மணிக்கு நீங்கள் எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும். உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்ப வேண்டும். இந்த முடிவை முந்தின இரவே உணவு மேசையில் உட்கார்ந்து எடுத்துவிடுவது நல்லது. களைத்துப்போய் முகட்டில் நிற்கும்போது, 'இன்னும் கொஞ்சம்தானே' என்று மனம் சொல்லும். கூட வந்தவர்களும் அதையே சொல்வார்கள். ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் இந்த நெருக்கடி குறைவு. அதற்குப் பதிலாக மிட்ஜ் எனப்படும் கடிக்கும் சிறு பூச்சிகள் காத்திருக்கும். டிசம்பரிலோ ஒன்பது மணிக்கு விடிந்து நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். பனியும் உறைந்து கிடக்கும் அந்தப் பருவம் பயிற்சி பெற்றவர்களுக்கே உரியது.

வானிலை அறிக்கையை ஊருக்கென்று பார்க்காமல் மலைக்கென்று பாருங்கள். உச்சியில் கடற்கரையைவிட ஆறேழு டிகிரி குளிர் கூடும். காற்றும் பல மடங்கு வலுக்கும். பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் நனைந்தால் உடல் வெப்பத்தைப் பறித்துவிடும். கம்பளி அல்லது செயற்கை நூல் துணி, மேலே மழைக்கோட்டும் மழைக் கால்சட்டையும் வேண்டும். ஒருவர் நடுங்கி, தடுமாறி, பேச்சுக் குழறினால் அது சோம்பல் அல்ல. உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்குகிறது என்று பொருள். உடனே காற்றுக்கு மறைவான இடத்துக்கு அழைத்துப் போய், நனைந்ததை மாற்றி, போர்த்திவிடுங்கள். மழை பெய்த சில மணி நேரத்திலேயே ஓடைகள் கடக்க முடியாதபடி பெருகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வரைபடமும் திசைகாட்டியும் காகிதத்திலும் கையிலும் இருக்கட்டும்; அவற்றைப் பயன்படுத்தவும் தெரிந்திருக்கட்டும். கைப்பேசியின் மின்கலம் குளிரில் விரைவில் தீரும். நெற்றி விளக்கும் ஊதலும் எல்லாப் பருவத்துக்கும் வேண்டும். ஆபத்தில் ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு மீண்டும் ஊத வேண்டும்.

ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொறுப்போடு பெரும்பாலான நிலங்களில் நடக்க உரிமை உண்டு. ஆயினும் இலையுதிர் காலத்தில் மான் வேட்டை நடக்கும் என்பதால், எந்தப் பக்கம் போகலாம் என்று ஊரில் கேட்டுக்கொள்வது முறை.

கடைசியாக ஒன்று. மேற்படிப்புக்குப் போன நம் பிள்ளைகள் சிலர், "அம்மாவிடம் சொல்லிவிட்டேன்" என்று கிளம்பிவிடுகிறார்கள். இந்தியாவிலிருந்து 999 என்று அழைத்தால் ஸ்காட்லாந்துக் காவல்துறைக்குப் போகாது. எனவே அங்கேயே இருக்கும் நண்பர் ஒருவரிடமோ, தங்கும் விடுதியிலோ, எந்த வழி, எத்தனை பேர், எத்தனை மணிக்குள் வராவிட்டால் காவல்துறையை அழைத்து மலை மீட்புக் குழுவைக் கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அழைப்பு போகாத இடத்தில் குறுஞ்செய்தி சில சமயம் போகும். 999-க்குக் குறுஞ்செய்தி அனுப்ப முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். இறங்கி வந்ததும் காலணியைக் கழற்றுமுன் அந்த நண்பருக்குத் தகவல் சொல்லுங்கள். மீட்புக் குழுவினர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். நீங்கள் விடுதியில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது அவர்கள் இருட்டில் உங்களைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாதல்லவா?