எண்ணெய் தண்ணீரில் மட்குமா?

பூரி, பஜ்ஜி, ஜிலேபி. இவை பொரியாத கடைத்தெரு இந்தியாவில் ஏது? இரவில் கடை மூடும்போது வாணலியில் கொஞ்சம் எண்ணெய் மிஞ்சும். கறுத்துப்போன எண்ணெய். சிலர் அதைச் சாக்கடையில் கொட்டிவிடுகிறார்கள். சாக்கடை குளத்துக்கோ ஆற்றுக்கோ போய்ச் சேருகிறது.

"இது என்ன விஷமா? சாப்பிடுகிற எண்ணெய்தானே! தானாக மட்கிவிடும்" என்கிறார்கள்.

மட்கும் என்பது உண்மைதான். ஆனால் எத்தனை நாளில் மட்கும்? மட்கும்போது தண்ணீருக்கு என்ன ஆகும்? இதைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது.

கடலை எண்ணெய், கடுகு எண்ணெய், தேங்காய் எண்ணெய், நெய் எல்லாம் ஒரே குடும்பம். இவற்றில் கொழுப்பு அமிலம் என்ற பொருள் இருக்கிறது. அது நீளமான சங்கிலி போன்றது. அது வேறொரு பொருளோடு கை கோத்திருக்கும். இப்படிக் கை கோத்த பொருளுக்கு எஸ்டர் என்று பெயர். எண்ணெயில் ஒரு கிளிசரினோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் சேர்ந்திருக்கும். ஒரே காம்பில் மூன்று காய் தொங்குவது போல.

எண்ணெயிலிருந்து வண்டிக்கு எரிபொருள் செய்கிறார்கள். அதன் பெயர் பயோடீசல். அதுவும் எஸ்டர்தான். அதில் காம்புக்கு ஒரு காய். நிலத்தடியிலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெயில் கிடைக்கிற டீசலும் மண்ணெண்ணெயும் இந்தக் குடும்பம் அல்ல.

குளத்துத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் உள்ளன. எஸ்டர் அவற்றுக்குப் பழகிய உணவு. செத்த மீனிலும் உதிர்ந்த விதையிலும் இருப்பது இதே கொழுப்புதானே! முதலில் ஒரு வகைச் சாற்றைச் சுரந்து காம்பையும் காயையும் பிரிக்கும். பிறகு சங்கிலியைத் துண்டு துண்டாகக் கடித்துத் தின்னும். தின்னும்போது நம்மைப் போலவே மூச்சு விடும். பிராணவாயுவை இழுக்கும். கரியமில வாயுவை வெளியே விடும்.

சோதனைச் சாலையில் இந்த மூச்சைத்தான் கணக்கெடுக்கிறார்கள்.

ஒரு குடுவையில் சுத்தமான தண்ணீர். அதில் உப்புச் சத்துகள் கொஞ்சம். கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையத்திலிருந்து எடுத்த நுண்ணுயிர்கள் கொஞ்சம். சோதிக்க வேண்டிய எண்ணெய் மிகக் கொஞ்சம். வேறு உணவு எதுவும் கிடையாது. எண்ணெய் தண்ணீரில் கரையாது அல்லவா? அதனால் நன்றாகக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். குடுவையை இருட்டில் வைப்பார்கள். வெளிச்சம் பட்டால் பாசி வளர்ந்து கணக்கைக் கெடுத்துவிடும்.

பக்கத்தில் இன்னொரு குடுவை. அதில் எண்ணெய் மட்டும் இல்லை. மற்றதெல்லாம் உண்டு. இது எதற்கு? நுண்ணுயிர்கள் சும்மா இருந்தாலும் மூச்சு விடும். அதைக் கழித்தால்தான் எண்ணெய்க் கணக்கு சரியாக வரும். மூன்றாவது குடுவையில் எளிதில் மட்கும் என்று முன்பே தெரிந்த ஒரு பொருள் இருக்கும். அது மட்காவிட்டால் நுண்ணுயிர்களிடம்தான் குறை. சோதனை செல்லாது.

சுண்ணாம்புத் தெளிநீரில் ஒரு குழாயை வைத்து வாயால் ஊதினால் என்ன ஆகும்? பால் போல வெளுக்கும். கரியமில வாயுதான் காரணம். அதே முறையில் குடுவையிலிருந்து வரும் காற்றைக் காரநீர் வழியாகச் செலுத்திக் கரியமில வாயுவைப் பிடிக்கிறார்கள். எவ்வளவு பிடிபட்டது என்று அளக்கிறார்கள்.

சோதனை 28 நாள் நடக்கும். எண்ணெய் முழுவதும் மட்கினால் எவ்வளவு வாயு வர வேண்டும் என்று முன்பே கணக்குப் போட்டிருப்பார்கள். அதில் 60 சதவீதம் வந்துவிட்டால் 'எளிதில் மட்கும் பொருள்' என்று சான்று. ஏன் 100 இல்லை? தின்ற சோறெல்லாம் மூச்சாகவா போகிறது? கொஞ்சம் உடம்பில் ஒட்டும். நுண்ணுயிருக்கும் அப்படித்தான்.

அமெரிக்காவில் 1990களில் பயோடீசலையும் டீசலையும் இப்படிச் சோதித்தார்கள். 28 நாளில் பயோடீசல் 80 சதவீதத்துக்கு மேல் மட்கியது. டீசலில் ஏறக்குறையக் கால் பங்குதான் மட்கியது. ஆகவே 'மட்கும்' என்று ஒரு பொருளின் மேல் எழுதியிருந்தால் எத்தனை நாளில் என்று கேட்பது நல்லது. சணல் சாக்கும் மட்கும். மரக்கட்டையும் மட்கும். இரண்டும் ஒன்றா?

அப்படியானால் சமையல் எண்ணெயைக் குளத்தில் கொட்டலாமா? கூடாது. எளிதில் மட்குவதே அங்கே ஆபத்து.

மீனும் அதே தண்ணீரில்தான் மூச்சு விடுகிறது. ஒரு கிராம் எண்ணெய் முழுவதும் மட்க ஏறக்குறைய 2.9 கிராம் பிராணவாயு வேண்டும். 27 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கரைந்திருப்பதோ சுமார் 8 மில்லிகிராம். கணக்குப் போட்டால் ஒரு லிட்டர் எண்ணெய்க்கு மூன்று லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரின் பிராணவாயு தேவை! 10,000 லிட்டர் லாரியில் முப்பது லாரித் தண்ணீர். காற்றிலிருந்து புதிதாகப் பிராணவாயு கரையும் என்பது சரிதான். ஆனால் மேலே மிதக்கும் எண்ணெய்ப் படலம் அதையும் தடுக்கும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பிறகு செத்து மிதக்கும்.

நம் நாட்டில் ஆற்று நீரைச் சோதிக்கும்போது ஒரு புட்டித் தண்ணீரை 27 டிகிரியில் 3 நாள் மூடி வைத்து, எவ்வளவு பிராணவாயு குறைந்தது என்று பார்க்கிறார்கள். குளிக்கத் தகுந்த ஆற்று நீரில் இந்தக் குறைவு லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. கரைந்த பிராணவாயு 5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். ஆலைகள் ஆற்றில் விடும் கழிவுநீரில் எண்ணெயும் பிசுக்கும் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று விதி உள்ளது.

மிஞ்சிய எண்ணெயை என்ன செய்வது? இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2018இல் ஒரு திட்டம் தொடங்கியது. கடைகளில் பொரித்து மிஞ்சிய எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசல் செய்வது அதன் நோக்கம். நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பொரிக்கும் கடைகள் கணக்கு வைக்க வேண்டும். மிஞ்சியதைப் பதிவு பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுக்க வேண்டும். சின்னக் கடைகளும் ஒரு தகர டப்பாவில் சேர்த்து வைத்துக் கொடுக்கலாம். வீட்டில் மிஞ்சுவது ஒரு கரண்டி, இரண்டு கரண்டிதான். அதைப் பழைய துணியிலோ காகிதத்திலோ துடைத்தெடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, பிறகு வாணலியைக் கழுவலாம்.